மறுக்கப்பட்ட விசாவும் இசைக் கலைஞரும்

கலைக்கு எல்லை இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். கலைஞருக்கோ எல்லை உண்டு; அவ்வெல்லையில் ஓர் அதிகாரி அமர்ந்திருக்கிறார். தில்லையில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி விழா நடைபெற்று வருகிறது. கடல் கடந்தும் கலைஞர்கள் வந்து ஆடிச் செல்கின்றனர். அதுபோலவே நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து நாகசுர, தவில் கலைஞர் ஒருவரை அயல்நாட்டுத் தமிழர் அழைத்தால், அந்நாட்டுக்கு அவரும் ‘அயல்நாட்டு இசைக் கலைஞர்’தான். அவருக்கு விசா மறுக்கப்பட்டால் செய்யத்தக்கது யாது என்பதை இங்குக் காண்போம்.

2016 ஆகஸ்டு மாதத்தில் சரோத் மேதை உஸ்தாத் அம்ஜத் அலி கான் அவர்களுக்கே பிரிட்டன் விசா மறுத்தது. செய்தி நாளேடுகளில் பெரிதாக வெளிவந்தது. புகழ் பெற்றவருக்குக் குரல் கொடுக்க நாளேடுகள் உண்டு. கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் வாசிக்கும் கலைஞருக்கு விதிகளே துணை. ஆகவே அவ்விதிகளை நாம் அறிந்திருத்தல் நலம்.

வேதியியல் சோதனைச்சாலையில் உப்புப் பகுப்பாய்வு பிழைத்தால், எந்தப் படியில் பிழைத்தது என்றே முதலில் தேடுகிறோம். இங்கும் அம்முறையே ஏற்றது. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். பண்பாட்டுத் தனித்தன்மை வாய்ந்த கலைஞருக்கென அங்கே ‘பி-3’ என்னும் விசா உண்டு. இதற்குப் படிகள் இரண்டு. முதற்படியில், அழைக்கும் சபா அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் மனுச் செய்கிறது. மனு ஏற்கப்பட்ட பின்னர், கலைஞர் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குச் செல்கிறார்.

முதற்படியில் மனு தள்ளப்பட்டால் மேல்முறையீடு உண்டு. முடிவு வந்த 30 நாளுக்குள், அஞ்சலில் வந்திருப்பின் 33 நாளுக்குள், முறையிட வேண்டும். முறையிடும் உரிமை மனுச் செய்த சபாவுக்கே உரியது, கலைஞருக்கு இல்லை. இரண்டாம் படியில் தூதரக அதிகாரி மறுத்தால் மேல்முறையீடே கிடையாது. ஆவணக் குறைவு என்று நிறுத்தி வைத்திருந்தால் ஓராண்டுக்குள் அவற்றைக் கொடுக்கலாம். பயணம் முடிந்து ஊர் திரும்புவார் என்று நம்பாமல் மறுத்திருந்தால், வலுவான சான்றுகளுடன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் படியில் மறுப்பு என்பதை அறியாமல் முறையிட முயல்வது காலத்தையும் பணத்தையும் வீணாக்கும்.

முதற்படி மறுப்பு மாற்றப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. அர்ஜென்டினா நாட்டு இசைக்குழு ஒன்றை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஸ்கர்பால் பண்பாட்டு மையம் அழைத்தது. அக்குழு யூத மரபிசையோடு தென்னமெரிக்க இசையைக் கலந்து வாசிப்பது. கலப்பிசை எந்த ஒரு பண்பாட்டுக்கும் உரியதாகாது என்று அதிகாரிகள் மனுவை மறுத்தனர். குடிவரவுத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் 2012-இல் அம்முடிவை மாற்றியது. பண்பாடுகளின் கலப்பில் பிறந்த கலையும் தனித்தன்மை உடையதாகலாம் என்று அது முடிவு கூறியது. அறிஞர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களே அங்குப் பெரும் சான்றாக நின்றன.

நமக்கு வேண்டிய பாடம் இதுவே. குருவின் இல்லத்தில் பல்லாண்டு பயின்றவரிடம் பட்டச் சான்றிதழ் இல்லாதிருக்கலாம். ஆயினும் விதிகள் பட்டத்தைக் கேட்கவில்லை. அக்கலையை அறிந்தவரின் கடிதத்தைக் கேட்கின்றன. கடிதம் எழுதுபவர் கலைஞரின் திறமையைப் பாராட்டினால் மட்டும் போதாது. அக்கலை தமக்கு எவ்வாறு தெரியும், இவரை எவ்வாறு அறிவோம் என்பவற்றையும் எழுத வேண்டும். 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதன் இசைத்துறையும் நம் அருகிலேயே இருக்கின்றன. அத்தகைய அறிஞர்களை அணுகலாம். கச்சேரி அழைப்பிதழ்கள், நாளிதழ் விமரிசனங்கள் ஆகியவற்றையும் தேதிவாரியாகச் சேர்த்து வைக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு முறை மாறுபடும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், 2009-இல் இயற்றிய விசாச் சட்டத்தின்படி, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரவும் மேல்முறையீட்டுக்கு வழிவிடவும் கடமைப்பட்டவை. எந்த நாடு மறுத்ததோ, அந்நாட்டுச் சட்டப்படி முறையிட வேண்டும். கனடாவில், வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் 60 நாளுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மறு ஆய்வை நாடலாம்.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். தெருவில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமானாலும் நம்மைத்தான் தேடி வருகிறார்கள். நாளை ஒரு நாகசுரக் கலைஞர் மறுப்புக் கடிதத்துடன் வந்தால், மறுத்தது யார், காரணம் யாது, கெடு எத்தனை நாள் என்ற மூன்றையும் முதலில் படித்துச் சொல்வோம். அதன்பின் அன்றே அழைத்த சபாவுக்குத் தெரிவிக்கச் செய்வோம். கச்சேரி நாள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.