ஆளுக்கு ஒரு தட்டு

கண்ணு, அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. "பிள்ளைக்கு நூறு வரைக்கும் சொல்ல வருமா?" என்றுதான் பெற்றோர் உன்னிடம் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து சுவரில் இருக்கும் எண் அட்டவணையைக் குச்சியால் தட்டத் தொடங்குவதற்கு முன், இந்த வேலையிலேயே தலை நரைத்தவள் சொல்வதைக் கொஞ்சம் கேள்.

1. சொல்வது வேறு, எண்ணுவது வேறு. மூன்று வயதுப் பிள்ளை இருபது வரை மூச்சுவிடாமல் சொல்லும். அதன் முன்னால் ஐந்து எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார். விரல் ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும். ஒரு பழத்துக்கு இரண்டு எண் விழும், இன்னொன்றுக்கு எண்ணே விழாது. எண்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஓர் எண்தான் தர வேண்டும். கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் புரிய வேண்டும். கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் எழுதிய புத்தகத்தில் இவற்றையெல்லாம் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மூன்றாவதுதான் மெதுவாக வரும். என்னிடம் இருந்த ஒரு சிறுமி ஐந்தையும் அழகாகத் தொட்டு எண்ணினாள். "அப்போ மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். மறுபடி கேட்டால் மறுபடியும் ஒன்று. நீ எரிச்சல் படாதே. "எத்தனை" என்றால் எண்ணச் சொல்கிறார்கள் என்றே அந்த வயது எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் "எனக்கு மூணு பழம் கொடு" என்று கேள். அள்ளிக் கொடுக்கிறதா, எண்ணி நிறுத்துகிறதா என்று பார். அங்கே தெரிந்துவிடும் அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று.

2. சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விடு. நேரமாகிறது என்று உதவியாளர் அக்கா முணுமுணுப்பார். பொறுமையாகச் சொல்லி அவரையும் உன் பக்கம் இழுத்துக்கொள். ஆளுக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர். ஒன்றுக்கு ஒன்று பொருத்துவதை இதைவிட நன்றாகச் சொல்லித்தர எந்த அட்டையாலும் ஆகாது. ஒரு பையன் எங்களிடம் மாதக்கணக்கில் எண் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மந்தமான பிள்ளை என்றுகூடச் சிலர் பேசினார்கள். முட்டை போடுகிற நாள் ஒன்றில் அவனைப் பங்கிடச் சொன்னேன். ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போய், திரும்பி வந்து, "ரெண்டு பேருக்கு பத்தல டீச்சர்" என்றான். யாருக்கும் இல்லாமல் போகக் கூடாது என்ற கவலைதான் அவன் வாயைத் திறந்தது. பங்கு என்று வந்தால் எந்தப் பிள்ளையும் கணக்கில் கெட்டி.

3. கையைக் கட்டிக்கொள்ளக் கற்றுக்கொள். பிள்ளை ஆறுக்குப் பிறகு எட்டு என்றால் உடனே குறுக்கே விழாதே. முடிக்கட்டும். பிறகு, "நானும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டு, எண்ணிய பழத்தை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்து மெதுவாக எண்ணு. ஒதுக்கி வைப்பதை அது கவனித்துக்கொள்ளும்.

4. வீட்டுப் பரணில் பல்லாங்குழி இருந்தால் தூசி தட்டி எடுத்து வா. பதினான்கு குழியிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது, வாய்க்கு முன்னால் கை எண்ணப் பழகும். குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளுகிறோமே, அதனால் நான்கை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் அறியும் கண் வரும். காலிக் குழியைத் துடைத்துவிட்டு அடுத்ததை அள்ளும்போது, ஒன்றுமில்லாததற்கும் ஓர் இடம் உண்டு என்று தெரியும். 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி அம்மையார் வகுத்த, எண்ணுக்கு ஏற்பக் குச்சி போடும் பெட்டியிலும் பூஜ்ஜியத்துக்கு ஓர் அறை உண்டு. அதில் எதையும் போடக் கூடாது. ஆட்ட விதி முழுவதையும் சின்னப் பிள்ளைமேல் சுமத்தாதே, போட்டுப் பழகினால் போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: குன்றிமணி வேண்டவே வேண்டாம், அது விஷ விதை. எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை அருகில் இருந்தால் சோழியும் புளியங்கொட்டையும்கூடக் கூடாது. சிரட்டை, மூடி, கரண்டி என்று பெரிய பொருளாகக் கொடு.

5. ஐந்து கொட்டையை நெருக்கி ஒரு வரிசையும், ஐந்தைத் தள்ளித் தள்ளி இன்னொரு வரிசையும் வைத்தால், நீளமானதில்தான் அதிகம் என்று நான்கு வயது அடித்துச் சொல்லும். ழான் பியாஜே 1941-இலேயே இதை எழுதிவிட்டார். சிரிக்காதே, வாதாடாதே. பொருளைக் கையில் எடுத்து விளையாட விடு, தள்ளி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்ற அறிவு தன் நேரத்துக்கு வரும்.

6. ஊர் எப்படி எண்ணுகிறது என்று காட்டு. நெல் அளக்கும் பெரியவர் முதல் மரக்காலை 'லாபம்' என்று தொடங்கி, அடுத்ததை 'ரெண்டு' என்பார். "ஒண்ணு எங்க தாத்தா?" என்று ஒரு வாண்டு கேட்டால், ஒன்று என்ற எண் அதன் மனதில் உட்கார்ந்துவிட்டது என்று நீ மகிழலாம். வாசலில் கோலத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு கூழாங்கல் வைக்கச் சொல். பையன்களையும் கூப்பிடு.

7. வந்தவர்கள் முன்னால் எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி எண் சொல்ல வைக்காதே. தெரிந்த பிள்ளைக்கு அது கர்வத்தைத் தரும், தடுமாறும் பிள்ளைக்குக் கணக்கே வேண்டாம் என்றாகிவிடும். 'அவள் சொல்கிறாளே, உனக்கு என்ன' என்ற பேச்சு உன் வாயில் வரவே வேண்டாம்.

8. தாய்மார்களிடம் பேசு. "எனக்குப் படிப்பு இல்லம்மா, நான் என்ன சொல்லிக் கொடுக்க?" என்று ஒதுங்குகிறவளிடம் முதலில் போ. இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது குழியை எண்ணலாம், படி ஏறும்போது படியை எண்ணலாம், கடைக்குப் போனால் தக்காளியைப் பிள்ளை கையாலேயே ஐந்து எடுத்துப் போடச் சொல்லலாம் என்று சொல். அடுத்த வாரம் அவளைப் பார்த்தால், பிள்ளை எதை எண்ணியது என்று மறக்காமல் கேள்.