நாற்று வேரைப் பார்த்து நெல் ரகம் தேர்வு

புழுதி விதைப்பு நெல் பயிரிடும் விவசாயிகள் இதைக் கவனித்திருப்பீர்கள். தொண்டைக்கதிர் பருவத்தில் பத்து நாள் மழை நின்றால் ஒரு ரகம் இலை சுருண்டு கருகும். அடுத்த வயலில் வேறொரு ரகம் தாக்குப் பிடிக்கும். மேல்மண் இரண்டு வயலிலும் காய்ந்தே இருக்கும். ஆனால் ஓர் அடிக்குக் கீழே உள்ள ஈரத்தை ஒரு ரகத்தின் வேர் எட்டியிருக்கும், மற்றது எட்டியிருக்காது.

நெல்லுக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். அது பக்கவாட்டில் படர்வதும் செங்குத்தாக இறங்குவதும் பெரும்பாலும் ரகத்தின் பரம்பரைக் குணம். வளர்ந்த பயிரில் இதைக் காண வயலைத் தோண்டி வேரைக் கழுவ வேண்டும். ஆயிரக்கணக்கான செடிகளில் இது நடக்கிற காரியமா? நாங்கள் நெடுங்காலம் தூரையும் கதிரையும் மட்டும் எண்ணி ரகம் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இளம் செடியிலேயே பார்க்க எளிய வழி உண்டு. டீ வடிகட்டி போன்ற கம்பி வலைக் கூடையில் மண் நிரப்பி, நடுவில் விதையை ஊன்றி வளர்க்க வேண்டும். வேர்கள் வலைக்கண் வழியே வெளிவரும். மண்மட்டத்திலிருந்து 50 டிகிரிக்கு மேல் சரிந்து கூடையின் அடியில் வெளிவந்தவை எத்தனை, பக்கத்தில் வந்தவை எத்தனை என்று எண்ணினால் போதும்.

ஐ.ஆர். 64 மேலோடும் வேர் கொண்ட ரகம். அதை ஜப்பானிய விஞ்ஞானிகள் கினாண்டாங் பாட்டோங் என்ற பிலிப்பைன்ஸ் மேட்டுநிலப் பழைய ரகத்துடன் கலந்து, வேரை ஆழமாக இறக்கும் 'டி.ஆர்.ஓ. 1' என்னும் ஜீனைக் கண்டறிந்து 2013-ல் வெளியிட்டனர். மீண்டும் மீண்டும் ஐ.ஆர். 64 உடனேயே கலப்புச் செய்து அந்த ஜீனை அதில் ஏற்றினார்கள். கடும் வறட்சியில் ஐ.ஆர். 64 ஏறக்குறைய மணியே பிடிக்காதபோது, புதிய செடிகள் மகசூல் தந்தன. தண்ணீர் போதுமான இடத்தில் மகசூல் குறையவும் இல்லை.

இதைக் கேட்டு எல்லா நிலத்துக்கும் ஆழவேர் ரகமே நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மணிச்சத்து மேல்மண்ணில்தான் அதிகம். அதை எடுப்பது மேல்வேர். உவர் நஞ்சையில் மேலோடும் வேர் கொண்ட செடிகளே கூடுதல் மகசூல் தந்ததாக 2020-ல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. கூடையில் ஆழமாக இறங்கும் வேர், கெட்டிப்பட்ட அடிமண்ணில் முட்டி நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே கூடையில் தேறியதை மானாவாரி வயலிலும் வைத்துப் பார்த்த பிறகே ரகமாக வெளியிட வேண்டும். புதிய விதை வாங்கும்போது, உங்கள் நிலத்தைப் போன்ற மண்ணில் அது சோதிக்கப்பட்டதா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.