பிராக் நகர மன்றத்துக்குப் போகிறீர்களா?

செக் தலைநகர் பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கிறது, 1338-ல் உருவான நகர மன்றம். அதை நிறைவாகப் பார்க்கச் சில குறிப்புகள்:

* கோபுரச் சுவரில் உள்ள வானியல் கடிகாரம் 1410-ஐச் சேர்ந்தது. காலை 9 முதல் இரவு 11 வரை, மணிக்கொரு முறை 12 திருத்தூதர் உருவங்கள் ஜன்னல்களில் வலம் வரும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள்.

* எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் நேரம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கு வசதி. பாஸ்போர்ட்டையும் பணத்தையும் உள்பையில் வையுங்கள்.

* கோபுரத்தில் லிஃப்ட் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களும் மேலே போய்ச் செந்நிற ஓட்டுக் கூரைகளைப் பார்க்கலாம்.

* உள்ளே இருக்கும் சிற்றாலயத்தைத் தவறவிடாதீர்கள். திருத்தூதர் உருவங்களை அங்கிருந்து மிக அருகில் காணலாம்.

* நிலவறைகளையும் சுற்றிப் பார்க்கலாம். வழுக்காத செருப்பும் ஒரு ஸ்வெட்டரும் இருந்தால் நல்லது.

* வெளியே வந்ததும் தரையைப் பாருங்கள். அங்கே பதிந்துள்ள 27 வெள்ளைச் சிலுவைகள், 1621-ல் அதே இடத்தில் மரண தண்டனை பெற்றவர்களின் நினைவு. அவற்றை மிதிக்காமல், ஒரு நிமிடம் அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள்.