நிலவைக் காட்டும் விரல்

திருவானைக்கா அகிலாண்டநாயகி மீது பிள்ளைத்தமிழ் பாடியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் பிறந்தவர். பிள்ளைத்தமிழ் மரபு குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. ஐந்தாம் மாதத்தில் கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டைக் கடந்தபின் நிலவை விளையாட அழைப்பது அம்புலி. இன்றைய குழந்தை வளர்ச்சி ஆய்வு மிகுதியாக உற்று நோக்கும் செயலொன்று இந்த அம்புலியில் அடங்கியிருக்கிறது.

தாய் விரல் நீட்டுகிறாள். குழந்தை அவ்விரலோடு நின்றுவிடாமல் நிலவைப் பார்க்கிறது. உடனே தாயின் முகத்தை நோக்கித் திரும்புகிறது. ‘நீயும் பார்த்தாயா?’ என்பதே அத்திரும்புதலின் பொருள். இதனைக் கூட்டுக் கவனம் என்பர். பெரியவரின் பார்வை செல்லும் திசையில் குழந்தையும் பார்ப்பதை ஸ்கேஃப், புரூனர் என்னும் இருவர் 1975-இல் ஆய்ந்து வெளியிட்டனர். மொழி இதன்மேல்தான் எழுகிறது. ‘யானை’ என்னும் சொல் எதைக் குறிக்கிறது என அறிய, சொல்பவர் எதைப் பார்க்கிறார் என்பது குழந்தைக்குத் தெரிந்தாக வேண்டும் அல்லவா?

2003-இல் வெளியான ஆய்வு ஒன்று நம் வீடுகளுக்கு நேரே பொருந்துவது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரிசியா கூல் குழுவினர், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் சீன மொழியைக் கேட்கச் செய்தனர். சிலரோடு ஒருவர் நேரில் அமர்ந்து விளையாடிப் பேசினார். வேறு சிலருக்கு அதே பேச்சு தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பின், நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் கண்ட குழந்தைகளிடம் அக்கற்றல் நிகழவில்லை.

சோறூட்டும்போது கையில் செல்பேசியைக் கொடுப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குத் திரையே வேண்டா என இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் அறிவுறுத்தியது. உறவினரோடு எப்போதாவது பேசும் காணொளி அழைப்பு மட்டும் விலக்கு. வளைகுடா நாட்டிலிருந்து அழைக்கும் தந்தை, குழந்தை சிரித்தால் தாமும் சிரிப்பார். பாட்டுப் படம் அவ்வாறு செய்யாது.

‘இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்’ என்று வீட்டுப் பெரியோர் தேற்றுவதுண்டு. சில குழந்தைகள் சற்றுத் தாமதித்துப் பேசுவது உண்மையே. ஆயினும் விரல் தாமதிப்பதை அவ்வாறு விட்டுவிடலாகாது. ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையையும், ஒன்றரை வயதிலும் எதையும் சுட்டிக் காட்டாத குழந்தையையும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பேசிவந்த சொற்களை இழக்கும் குழந்தைக்கு எந்த வயதாயினும் காத்திருத்தல் கூடாது. முதலில் செவித்திறனைச் சோதிப்பார்கள். சில வேளைகளில் காரணம் அங்கேயே புலப்படலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் பன்னிரண்டாம் மாதத்தைப் பத்தாம் மாதமாகவே கொள்ள வேண்டும்; இரண்டு வயது வரை இவ்வாறே கழித்து எண்ணுவர். ஆகவே வரும்போது தடுப்பூசி அட்டையோடு பிறப்பு விவரச் சீட்டையும் எடுத்து வாருங்கள். குழந்தை வீட்டில் விளையாடுவதைச் செல்பேசியில் பதிவுசெய்து கொணர்ந்தால் அதுவும் மருத்துவருக்குப் பயன்படும்.