துருவில் இறுகிய போல்ட்டை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

கடற்கரை ஊர்களில் இரண்டு மழைக்காலம் வெளியில் நின்ற பைக்கில் நான்கு இடங்கள் முதலில் பிடித்துக்கொள்ளும்: சைலன்சர் ஸ்டட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின்சக்கர ஆக்சில், டிரம் பிரேக்கின் கேம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் மூழ்கிய வண்டிகளுக்கு இரண்டு மழைக்காலம்கூடத் தேவைப்படவில்லை. இந்த இடங்களை வீட்டிலேயே கழற்றிச் சர்வீஸ் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது பலம் போதாமல் அல்ல. பலத்தை முதலிலேயே பயன்படுத்திவிடுவதால்தான்.

10-ஆம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் எம்6 போல்ட்டை எடுத்துக்கொள்வோம். அதைச் சாதாரணமாக இறுக்கும் அளவு சுமார் 10 நியூட்டன் மீட்டர். 15 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோ எடை அழுத்தினாலே அந்த அளவு வந்துவிடும். அதைப்போல இரண்டு மடங்கை எட்டுவதற்குள் போல்ட் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடலாம். ஸ்பேனரில் பைப் மாட்டி ஏறி நிற்பவர் கையில் அதைவிடப் பல மடங்கு விசை இருக்கிறது. அவரிடம் இல்லாதது நிதானம் மட்டுமே.

ஸ்பேனரைத் தொடும் முன், எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். இரும்புக்குள் இரும்பு, செம்பழுப்பு நிறம் என்றால் சாதாரணத் துரு. துரு தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். மரைக்கு நடுவே இருந்த மெல்லிய இடைவெளியை அது இறுக நிரப்பிவிடுகிறது. இதற்கு எண்ணெயும் தட்டலும் உதவும். அலுமினிய இன்ஜின் கவரில் எஃகு போல்ட், ஓரத்தில் வெள்ளைப் பொடி என்றால் அரித்திருப்பது அலுமினியம். அங்கே எண்ணெய் உள்ளே போவது கடினம், சூடுதான் கைகொடுக்கும். டிஸ்க் பிரேக் தட்டின் போல்ட்டில் நீலமாகவோ சிவப்பாகவோ காய்ந்த பசை தெரிந்தால் அது மரைப் பசை. அதில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் பயனில்லை. சிவப்புப் பசை இளகச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். கடைசியாக, திருகும் திசையையும் பாருங்கள். யமஹா பைக்குகளின் வலப்பக்கக் கண்ணாடியிலும் சைக்கிளின் இடது பெடலிலும் இடது மரை. அவற்றை வழக்கமான திசையில் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும்.

அடுத்தது சுத்தம். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை ஒயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்க்க வேண்டும். நட் வெளியே வர வேண்டிய வழி அதுதான். அந்த வழியில் துருவும் மண்ணும் இருந்தால், அசைந்த நட்டும் பாதியில் மறுபடி சிக்கும். ஸ்க்ரூ தலையின் குழியில் இருக்கும் அழுக்கை ஆணி நுனியால் சுரண்டி எடுங்கள். ஆலன் போல்ட்டுக்கும் அப்படியே.

எண்ணெய்க்கு வருவோம். டபிள்யூடி-40 நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. அந்த வேலையை அது நன்றாகச் செய்யும். இறுகிய மரைக்கு அதற்கென்றே விற்கும் பெனட்ரேட்டிங் ஆயில் மேல். நம் பட்டறைகளில் டீசலைத்தான் விடுவார்கள். நேரம் கொடுத்தால் அதுவும் வேலை செய்யும். எந்த எண்ணெயாக இருந்தாலும் முந்தின இரவே விடுங்கள், காலையில் மறுபடி விடுங்கள். மரை மேல்நோக்கி இருக்கும்படி வண்டியைச் சாய்க்க முடிந்தால் சாய்த்து வையுங்கள். பிரேக் ஷூவிலும் டிஸ்க்கிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது.

எண்ணெய் விட்டபின், போல்ட் தலையில் பித்தளைத் தண்டை வைத்துச் சுத்தியலால் நேராகத் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். கணீரென்று பல தட்டுகள் போதும். துரு நொறுங்கும் பண்புடையது. அதிர்வில் அதில் விரிசல் விழும், விரிசல் வழியே எண்ணெய் இறங்கும். அலுமினிய வார்ப்பின் மேல் மட்டும் அடி விழக் கூடாது, அது தெறித்துவிடும்.

இப்போதுதான் ஸ்பேனர். ஆறு முனை உள்ள சாக்கெட்டை எடுங்கள், இல்லையென்றால் நல்ல ரிங் ஸ்பேனர். வாய் திறந்த ஸ்பேனரும் ஸ்க்ரூ ஸ்பேனரும் இறுகிய போல்ட்டின் மூலைகளை மழுக்கிவிடும். பிரேக் ஆயில் டப்பா மூடியில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூக்கள் பல வண்டிகளில் ஜப்பானிய ஜே.ஐ.எஸ். தரத்தில் இருக்கும். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுக்க உட்காராது, ஏறி வழுக்கித் தலையைக் கெடுக்கும். அங்கே ஜே.ஐ.எஸ். பிட் மாட்டிய, சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர்தான் சரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கருவி, வீட்டில் வேலை பார்ப்பவர் எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்பேன்.

முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அழுத்துங்கள், பிறகு கழற்றும் பக்கம். கை சொல்வதைக் கவனியுங்கள். டக்கென்ற சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் துரு உடைந்தது. சத்தமில்லாமல் ரப்பரைப் போல இழுபட்டு, விட்டதும் ஸ்பேனர் பின்னால் வந்தால், திரும்புவது மரை அல்ல, போல்ட்டின் உடம்புதான் முறுக்கேறுகிறது. உடனே நிறுத்துங்கள், அடுத்த அழுத்தத்தில் அது அறுந்துவிடும். கால் சுற்று திரும்பியபின் ஒரே மூச்சில் கழற்றிவிடத் தோன்றும். அதையும் அடக்குங்கள். நொறுங்கிய துரு மரைக்குள்ளேயே உருண்டுகொண்டிருக்கிறது. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி வெளியே. கிறீச்சிடும் சத்தம் குறையும்வரை இதையே செய்யுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் சூடு. இரும்பு நட் என்றால் நட்டைச் சூடாக்குங்கள், உள்ளிருக்கும் போல்ட்டை அல்ல. அலுமினியத்தில் இருக்கும் எஃகு போல்ட்டுக்குச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது விரியும், பிடி தளரும். ஹாட் ஏர் கன் போதும், சிவக்கக் காய்ச்ச வேண்டாம். சூடான மரையில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். ஆறும்போது திருகிப் பாருங்கள். சூடாக்கும் முன் பெட்ரோல் டேங்கை அகற்றி, விட்ட எண்ணெயை முழுக்கத் துடையுங்கள். பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் தீயே காட்டக் கூடாது. அது தீப்பிடிக்கலாம். குளோரின் கலந்த வகை சூட்டில் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவாக மாறும். டயர், ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் பக்கமும் வேண்டாம்.

ஸ்விங் ஆர்ம் போல்ட் தனி ரகம். நட் எளிதில் வந்துவிடும், நீண்ட தண்டு உள்குழாயோடு ஒட்டிக்கொண்டு வராது. மரை நுனியை நேரடியாக அடித்தால் அது விரிந்து, பிறகு எந்த வழியிலும் வெளியேறாது. நட்டை நுனிக்குச் சமமாக மாட்டி, அதன்மேல் பித்தளைத் தண்டு வைத்துத் தட்டுங்கள். அதற்கும் முன், தலையில் ஸ்பேனர் போட்டுத் தண்டைச் சுழற்றப் பாருங்கள். சுழன்றால் பாதி வேலை முடிந்தது. ரப்பர் புஷ் உள்ள வண்டியில் பெரிய சூடு கூடாது. எப்படியும் புஷ் மாற்றப்போகிறீர்கள் என்றால், சேஸிஸுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையே ஆக்சா பிளேடு விட்டுத் தண்டை அறுப்பது கௌரவமான வழிதான்.

பிரேக் கேம் இறுகினால் பெடல் மிதித்தபின் திரும்பி வராது. லீவரின் இருப்பிடத்துக்கு அடையாளம் போட்டபின் கழற்றுங்கள். ஷூ தூளை ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், ஈரத்துணியால் துடையுங்கள்.

தலை அறுந்து, தண்டு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் நட் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சூடே பிடியைத் தளர்த்தும். அறுந்த தண்டில் துளையிட்டு, அதற்குள் செலுத்தித் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டைச் சிறிய போல்ட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மிகக் கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. அதைவிட லேத் பட்டறைக்குப் போய்விடுங்கள்.

திரும்ப மாட்டும்போது மரையை மரை வெட்டும் டேப் விட்டுச் சுத்தம் செய்து, சைலன்சர் ஸ்டட்டில் காப்பர் ஆன்டி-சீஸ் தடவுங்கள். தடவிய மரையில் அதே டார்க்குக்கு இறுக்கினால் போல்ட் கூடுதலாக இழுபடும், அளவைக் குறையுங்கள். பிரேக் டிஸ்க் போல்ட்டுக்கு ஆன்டி-சீஸ் கூடாது, கம்பெனி சொன்ன மரைப் பசையே போடுங்கள். ஸ்விங் ஆர்ம் தண்டுக்கு நீர் புகாத கிரீஸ். சைலன்சர் ஸ்டட்டில் பழைய எஃகு நட்டை விட்டுப் பித்தளை நட் போட முடிந்தால் போடுங்கள். பித்தளை துருப்பிடிக்காது, அடுத்த முறை சாதாரண ஸ்பேனருக்கே வந்துவிடும்.