காற்று வர வழி இருக்கிறதா?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் நமக்குத் தேவையில்லை. ஆனால் குளியலறையில் வெந்நீர் தரும் கேஸ் கீசர் சில வீடுகளில் உண்டு. இரண்டுக்கும் விதி ஒன்றே.

ஒரு பங்கு சமையல் எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். மூடிய அறையில் பிராணவாயு குறையக் குறைய, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நாங்கள் பாடத்தில் படிக்கும் ஹீமோகுளோபினை, இது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். எழுந்து கதவைத் திறக்கவும் வலு இராது.

சிலிண்டர் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும்; அதற்கென்றே எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்ற எட்டுப் பேர், டாமன் என்ற குளிர்ந்த மலையூரில் ஓர் அறையில் கேஸ் ஹீட்டரை ஏற்றி வைத்து உறங்கினர். கதவும் சன்னல்களும் தாழிடப்பட்டிருந்தன. எட்டுப் பேரும் இறந்தனர். அவர்களுள் நால்வர் எங்களைவிடச் சிறிய குழந்தைகள்.

நம் பக்கத்தில் சன்னலை அடைக்க வைப்பது குளிரன்று, கொசு! வென்டிலேட்டரில் அட்டையைச் செருகிவிடுகிறோம். அட்டைக்குப் பதில் கொசுவலை அடிக்கலாம். சூடான புகை மேலே போக உயரத்தில் ஒரு திறப்பும், புதுக்காற்று நுழையத் தரையருகே ஒரு திறப்பும் வேண்டும். கசிந்த எரிவாயு காற்றைவிடக் கனமானதால் அதுவும் கீழ்த் திறப்பு வழியே வெளியேறும். இதைவிட நல்லது, கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது.