ஒரே ஊர், ஒரே மாத்திரை: உடம்பு மட்டும் ஏன் வேற மாதிரி?

ஒரே ஊரில் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 48, இருவருக்கும் சர்க்கரை நோய். ஒருவர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். இன்னொருவர் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருவருக்கும் அதே மாத்திரைதான், அதுவும் இலவசம்தான். பத்து வருஷம் கழித்து யாருக்குக் காலில் ஆறாத புண் இருக்கும் என்று கேட்டால், யோசிக்காமலே பதில் சொல்லிடுவோம். மாத்திரை ஒன்றுதான் என்றால், அந்தப் பதில் நமக்கு எப்படித் தெரிகிறது?

இதைத்தான் பொது சுகாதாரத்தில் 'சுகாதார ஏற்றத்தாழ்வு' என்று சொல்கிறார்கள். எல்லா வித்தியாசமும் ஏற்றத்தாழ்வு ஆகாது. எழுபது வயதுக்காரருக்கு இருபது வயதுக்காரரைவிட மூட்டு வலி அதிகம் இருப்பது இயற்கை. மாற்ற முடிந்த காரணங்களால் ஒரு பிரிவினர் மட்டும் திரும்பத் திரும்ப அதிகமாக நோய்ப்பட்டால், அது ஏற்றத்தாழ்வு.

"வாயைக் கட்டுப்படுத்தலைன்னா வியாதி வரத்தானே செய்யும்?" என்று நம்மில் பலர் கேட்போம். இதைச் சோதித்துப் பார்த்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. 1967-இல் லண்டனில் ஒயிட்ஹால் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை ஆய்வுக்கு எடுத்தார்கள். யாரும் பரம ஏழை இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை. 1948 முதல் அந்த நாட்டில் மருத்துவமும் எல்லோருக்கும் பொது. இருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் விகிதம், உயர் அதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைவிட ஆச்சரியம், நடுவில் இருந்தவர்கள். பதவி ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆபத்தும் படிப்படியாகக் கூடியது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், அந்த இடைவெளியில் பாதியைக்கூட அவற்றால் விளக்க முடியவில்லை.

அடுத்து 1985-இல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இதை நடத்தியவர் மைக்கேல் மார்மட். தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தனக்கு எந்தப் பிடிமானமும் இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்று அதில் தெரியவந்தது. வேலைப்பளுவைவிட, அந்த வேலை நம் கையில் இல்லை என்ற நிலைதான் உடம்பை அரிக்கிறதாம். மேலதிகாரி போன் வந்தாலே நெஞ்சு படபடக்கும் ஆளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

பின்னர் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008-இல் அறிக்கை கொடுத்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கால்டன் என்ற பகுதியில் பிறக்கும் ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் 54 வருஷம் என்றும், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லென்சியில் 82 வருஷம் என்றும் அதில் இருக்கிறது. பணக்கார நாடு, இலவச மருத்துவம், பக்கத்துப் பக்கத்து ஏரியா. ஆனாலும் இடையில் 28 வருஷம்.

இனி நம் சித்தாளிடம் திரும்பி வருவோம். அவருக்கு டாக்டர் பீஸ் இல்லை, மாத்திரைக்குக் காசு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது இலவசம் இல்லை. காலை ஓ.பி. நேரமும் சித்தாள் வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்று. மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சு. கூலி 500 ரூபாய் என்று வைத்தால்கூட, மாதம் ஒரு நாள் வீதம் வருஷத்துக்கு 6,000 ரூபாய். அலுவலக உதவியாளர் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டால் முடிந்தது. அதனால் சித்தாள் இரண்டு மாதம் மாத்திரை வாங்கமாட்டார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வலி காட்டாத நோய்கள் என்பதால் இது இன்னும் மோசம்.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமம் ஒன்றில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1971-லேயே இதை ஒரு விதியாக எழுதினார். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே அது குறைவாகப் போய்ச் சேருகிறது என்பது அதன் சாரம்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த விதியைத் திருப்பிப் போடும் முயற்சி என்று சொல்லலாம். மாத்திரையே வீட்டு வாசலுக்கு வந்தால் கூலி இழப்பு என்ற காரணம் அடிபட்டுப் போகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை, இயன்முறை சிகிச்சையும் இதில் உண்டு.

வேலை செய்யும் இடமும் நோயைக் கொடுக்கும். ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றபடியே சேலை விரித்துக் காட்டும் பெண்களின் காலில் நரம்பு சுருண்டு வீங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்கு மருந்து தேடுவதைவிட ஒரு நாற்காலி போடுவது சுலபம். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. சட்டம் என்னவோ தொழிலாளர் துறையுடையது. ஆனால் என்னைக் கேட்டால் அது ஒரு சுகாதாரத் திட்டம்தான்.

வீட்டுக்குள்ளேயும் இந்தப் படிக்கட்டு இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிப் பேருக்கு மேல். மாதவிடாயால் பெண்களுக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை, அது உடல்கூறு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சக் குழம்பில் சாப்பிடுவது உடல்கூறு இல்லையே!

புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது: நம் கையில் இருக்கும் போன். அதே ஆய்வின்படி, நாட்டில் சுமார் 54 சதவீதப் பெண்கள்தான் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கிறார்கள். சேவைகள் ஆன்லைனுக்கு மாற மாற, ஓ.டி.பி. திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடைய நம்பருக்குப் போக, அம்மா இங்கே கவுன்ட்டரில் நிற்கிறார். ஆதாரில் பழைய நம்பர், ரேஷன் கார்டில் பெயர் எழுத்துப் பிழை என்று சின்னச் சின்னத் தடங்கல்கள் எல்லாம் தேவை அதிகம் உள்ளவர்கள் தலையிலேயே விழுகின்றன.

இதைப் படிக்கும் உங்களிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருபவர், தெருமுனை இட்லிக்கடை அக்கா, பக்கத்து வீட்டுத் தாத்தா ஆகியோருக்காக இவற்றை ஒருமுறை பாருங்க. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேரலாம்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதையும் ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போகணும். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு இதற்கு அலைவது கஷ்டம், முன்னாலேயே எடுத்து வைப்பது நல்லது. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் முதல் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதிவு எண் வாங்கச் சொல்லுங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். எந்தச் சந்தேகம் என்றாலும் 104-க்கு அழைக்கலாம். சாதா பட்டன் போனிலிருந்தும் போகும்.